லார்பி பென்பாரெக்கின் பதாகையைக் கழற்றியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாரிஸ் புறநகரில் இயங்கும் எமது தமிழ் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவர், செயலாளர், நிர்வாக சபை உறுப்பினர்கள் அனைவரின் கவனத்துக்கும்,

கோடைகாலச் சுற்றுப்போட்டிக்காகத் தயாரித்த ‘வெளிநாடுகளில் ஆடிய பிரெஞ்சு வீரர்கள்’ கண்காட்சியிலிருந்து பழைய உதைபந்தாட்ட வீரர் லார்பி பென்பாரெக்கின் பதாகையைப் போட்டிக்கு முதல்நாள் இரவு கழற்றினீர்கள். சிறப்பு மலரில் அவருக்கு ஒதுக்கியிருந்த பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்திருக்கிறது. ஏன் என்று கேட்டபோது நிர்வாகக் குழுவின் வட்ஸ்அப்பில் பதில் வந்தது: “அவர் மொரோக்கோக்காரர். பிரெஞ்சு வீரர் என்று போட்டால் ஆட்கள் சிரிப்பார்கள்.” அதன் கீழே சிலர் கட்டைவிரலும் காட்டினீர்கள். அத்துடன் விடயம் முடிந்ததாக எடுத்துக்கொண்டீர்கள்.

அந்தப் பதாகையை எழுதியவன் நான். கழகத்தின் சிறுவர் அணியைச் சனிக்கிழமைகளில் பயிற்றுவிக்கிறவனும் நான்தான். என் எழுத்தை எடுத்துவிட்டார்கள் என்ற கோபம் இது என்று நினைக்க வேண்டாம். எழுத்து சரியில்லை, நீளம் கூடிவிட்டது என்று சொல்லியிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நீங்கள் சொன்ன காரணம்தான் பிழை. அதைப் பெற்றோரும் அறியட்டும் என்றுதான் கூட்டத்தில் பேசாமல் இப்படி வெளிப்படையாக எழுதுகிறேன். நமது கூட்டங்களில் மைதான வாடகையும் கொத்துரொட்டிக் கணக்கும் பேசி முடிவதற்குள் எல்லோரும் கடைசி ரயிலுக்கு நேரம் பார்க்கத் தொடங்கிவிடுவது உங்களுக்கும் தெரியும்.

யாருடைய பதாகையைக் கழற்றினீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் காட்டியவர்களில் எத்தனை பேர் அதை வாசித்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

பென்பாரெக் காசாபிளாங்காவில் பிறந்தவர். பிறந்த ஆண்டைச் சிலர் 1914 என்கிறார்கள், சிலர் 1917 என்கிறார்கள். ஓர் ஏழைப் பிள்ளை பிறந்த நாளைக் குறித்துவைப்பதில் அன்று யாருக்கு அக்கறை. தெருவில் பந்தடித்துப் பழகி, உள்ளூர்க் கழகங்கள் வழியாக யூ.எஸ். மரோக்கேன் அணிக்கு வந்தார். 1938இல் பிரான்சின் மார்செய் கழகம் அவரைக் கடல் தாண்டி அழைத்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் மார்செய்க்கு லீக்கில் இரண்டாமிடம். வந்து அரை ஆண்டு ஆவதற்குள், 1938 டிசெம்பர் 4ஆம் திகதி, பிரான்ஸ் தேசிய அணியின் சட்டை அவர் மேல் ஏறிவிட்டது.

அந்த முதல் ஆட்டம் நடந்த இடத்தைப் பாருங்கள். நாப்போலி நகரம். எதிரணி இத்தாலி. அதே ஆண்டு ஜூனில், இங்கே நம் பக்கத்துக் கொலோம்ப் மைதானத்தில் உலகக் கிண்ணத்தைத் தூக்கிய அணி. முசோலினியின் அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கறுத்த தோலோடு ஒருவர் பிரான்சின் சட்டையில் வந்து நின்றதும் அரங்கம் விசிலடித்துக் கூச்சல் போட்டது. பிரான்சின் தேசிய கீதமான மார்செயேஸ் ஒலித்தபோது அவர் எல்லோரையும்விட உரத்துப் பாடினார் என்பது அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் கதை. ஆட்டம் 0–1 என்று பிரான்சுக்குத் தோல்வி. இத்தாலியர்கள் அன்று அவரைப் பார்த்து விசிலடித்தது அவர் யாருடைய சட்டையைப் போட்டிருந்தார் என்பதற்காகவும்தான். எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அவர் அந்தச் சட்டைக்குச் சொந்தக்காரர் இல்லை என்று நாம் முடிவு சொல்கிறோம்.

பிறகு போர் வந்தது. காசாபிளாங்காவுக்குத் திரும்பியவர் 1945 வரை அங்கேயே ஆடினார். ஒரு முன்கள வீரனின் கால்கள் நன்றாக ஓடும் ஆண்டுகள் அத்தனையும் அங்கே கழிந்தன. போர் முடிந்ததும் பாரிஸ் நகரின் ஸ்தாத் பிரான்சே கழகத்துக்கு வந்தார். அங்கே பயிற்றுநராக இருந்தவர் ஹெலெனியோ ஹெரேரா, பின்னாளில் இத்தாலியின் இன்டர் மிலான் அணியை ஐரோப்பாவின் உச்சிக்குக் கொண்டுபோன அதே ஹெரேரா. அவர் கதையும் இங்கே பொருந்தும்: ஆர்ஜென்டீனாவில் ஸ்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, காசாபிளாங்காவில் வளர்ந்து, பிரான்சில் ஆடியவர். அவருக்கு நீங்கள் எந்தத் தலைப்பின் கீழ் பதாகை வைப்பீர்கள் என்று அறிய ஆசைப்படுகிறேன்.

1948இல் ஸ்பெயினின் அத்லெத்திகோ மட்ரிட் பென்பாரெக்கைக் கேட்டது. 17 மில்லியன் பிராங் கொடுத்ததாகக் கணக்குச் சொல்வார்கள். போர் முடிந்து மூன்றே ஆண்டுகள், பாரிஸில் பாணுக்குப் பங்கீட்டு அட்டை இருந்த காலத்தில் அது பெரும் தொகை. ஈபிள் கோபுரத்தை விற்றாலும் பரவாயில்லை, இவரை விற்காதீர்கள் என்று பத்திரிகையில் ஒருவர் எழுதினார் என்ற கதை இன்றும் நிற்கிறது. மொரோக்கோக்காரர் போகிறார், போகட்டும் என்று அன்று பாரிஸ் சொல்லவில்லை. தங்களுடைய ஆளைப் பறிகொடுப்பதாகத்தான் அழுதது.

மட்ரிட்டில் நடந்ததுதான் நம் கண்காட்சிக்கு நேரே உரியது. அடுத்த ஆண்டு ஹெரேராவும் அத்லெத்திகோவுக்கு வந்து சேர்ந்தார். 1950, 1951 என்று அடுத்தடுத்து இரண்டு முறை அந்த அணி ஸ்பெயின் சம்பியன் ஆனது. ஹுன்கோசா, பென்பாரெக், பெரெஸ் பாயா, கார்ல்சன், எஸ்குதேரோ. இந்த ஐவர் முன்வரிசைக்கு ‘கண்ணாடி முன்வரிசை’ என்று மட்ரிட்காரர் பெயர் வைத்தார்கள். கார்ல்சன் சுவீடனுக்காக 1948 ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் நின்று பந்தை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கிற வேலை பென்பாரெக்கினுடையது. ஐந்து பருவங்களில் லீக்கில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள், ஐம்பதுக்கு மேற்பட்ட கோல்கள். முப்பது வயதைத் தாண்டிப் போன ஒருவரின் கணக்கு இது. போருக்கு முந்திய கால்களோடு போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

நீங்கள் கழற்றாமல் விட்ட பதாகைகளில் அந்துவான் கிரீஸ்மனுடையதும் ஒன்று. அதே அத்லெத்திகோவின் சிவப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். கிரீஸ்மன் அங்கே போனது 2014இல். அதற்கு 66 ஆண்டுகளுக்கு முன்னரே அந்தச் சட்டையைப் போட்டு, அந்த அணியை இரண்டு முறை சம்பியனாக்கிய பிரான்ஸ் வீரரைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, இவரை வாசலில் நிறுத்தியிருக்கிறோம். கிரீஸ்மன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முன்னே நடந்தவரை மறைத்துவிட்டுப் பின்னே வந்தவரைக் காட்டினால் அந்தக் கண்காட்சிக்கு வரலாறு என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

ஸ்பெயினில் இருந்த ஆண்டுகளில் பிரான்ஸ் தேர்வாளர்கள் அவரை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். 1950 உலகக் கிண்ணத்துக்குப் பிரான்ஸ் போகவே இல்லை. 1954இல் போனது, அவர் இல்லாமல். ஓர் உலகக் கிண்ண ஆட்டம்கூட ஆடாமல் அவர் காலம் முடிந்தது. ஆனாலும் 1954இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மார்செய்க்குத் திரும்பி, அந்த ஆண்டு பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டம் வரை போய், நீஸ் அணியிடம் தோற்றிருந்தார். செப்டெம்பரில் அல்ஜீரியாவின் ஒர்லேயான்வில் நகரத்தைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்கு நிதி சேர்க்க ஒக்டோபர் 7ஆம் திகதி பாரிஸின் பார்க் தே பிரின்ஸ் மைதானத்தில் பிரான்ஸ் தேசிய அணியும் வட ஆப்பிரிக்கத் தெரிவு அணியும் மோதின. வட ஆப்பிரிக்கா 3–2 என்று வென்றது. தேர்வாளர்கள் ஓய்வுக்கு அனுப்பிவிட்ட பென்பாரெக் அன்று ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பாரிஸ் ரசிகர்கள் அவரைத் திரும்பத் தேசிய அணிக்கு எடுக்கச் சொன்னார்கள். ஒன்பது நாள் கழித்து, ஹனோவரில், புது உலகச் சம்பியனான மேற்கு ஜேர்மனிக்கு எதிராக அவர் மீண்டும் பிரான்சின் சட்டையில் நின்றார். முதற்பாதியிலேயே காயப்பட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிரான்ஸ் 3–1 என்று வென்றது.

அதுதான் கடைசி ஆட்டம். மொத்தம் 17 ஆட்டங்கள். முதலாவதற்கும் கடைசிக்கும் நடுவில் பதினைந்து ஆண்டும் பத்து மாதமும். பிரான்ஸ் தேசிய அணியில் இத்தனை நீண்ட காலம் விரிந்த வாழ்வு வேறு எவருக்கும் இல்லை. பிரான்ஸ் அணியின் இந்தச் சாதனையை வைத்திருப்பவரைத்தான் ‘பிரெஞ்சு வீரர் இல்லை’ என்று கழற்றினீர்கள்.

(பெலே இவரைப் பற்றிச் சொன்னதாக ஒரு வரி இணையம் முழுக்க ஒட்டப்பட்டிருக்கிறது. பதாகையில் அதை நான் போடவில்லை, இங்கேயும் போடமாட்டேன். பெலேயின் சான்றிதழ் தேவைப்படும் அளவுக்கு இவர் ஏழையில்லை.)

இனி உங்கள் காரணத்துக்கு வருகிறேன். அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். 1912 முதல் 1956 வரை மொரோக்கோவில் சுல்தான் பெயருக்கு இருந்தார், ஆட்சி பிரான்சின் கையில் இருந்தது. ஆனால் அந்த மண்ணின் மக்களைப் பிரான்ஸ் தன் குடிமக்களாக ஏற்றுக்கொள்ளவில்லை. படைக்கு ஆள் எடுத்தது, தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தது, உதைபந்தாட்ட அணிக்கும் ஆள் எடுத்தது. குடியுரிமை மட்டும் கொடுக்கவில்லை. மொரோக்கோ மக்கள் பென்பாரெக்கைத் தங்கள் மகன் என்று கொண்டாடுகிறார்கள், அது முழு நியாயம். சுதந்திரத்துக்குப் பிறகு அவர் மொரோக்கோ அணியைப் பயிற்றுவித்தார். காசாபிளாங்காவில் ஒரு மைதானத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. அவரை மொரோக்கோவிடமிருந்து பிடுங்கிப் பிரான்சிடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ‘மொரோக்கோவில் பிறந்தவர், பிரான்சுக்கு 17 முறை ஆடியவர்’ என்று இரண்டையும் எழுதினால் யார் சிரிக்கப் போகிறார்கள்? உண்மையில் நமது தலைப்புக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. அவருக்கு மட்ரிட் மட்டுமா வெளிநாடு? மார்செயும் பாரிஸும்கூட வெளிநாடுதான். தன் நாட்டை ஆண்டவர்களின் நாட்டில் ஆடி, அவர்களுக்காக ஆடி, அங்கிருந்து மூன்றாவது நாட்டுக்கும் போனவர்.

இந்த அளவுகோல் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால்கூட நான் கொஞ்சம் அடங்கியிருப்பேன். நமது மலரின் நடுப்பக்கத்தில் ஜூஸ்த் ஃபொந்தேன் இருக்கிறார், 1958 உலகக் கிண்ணத்தில் 13 கோல் அடித்தவர். அவர் பிறந்தது எங்கே? மொரோக்கோவின் மராக்கேஷ் நகரத்தில். பிரான்சுக்கு வருமுன் ஆடியது எந்தக் கழகத்துக்கு? காசாபிளாங்காவின் யூ.எஸ். மரோக்கேன், பென்பாரெக் ஆடிய அதே கழகம். ஃபொந்தேனைப் பார்த்து ‘இவர் மொரோக்கோக்காரர்’ என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ரேமோன் கொப்பா வாசலுக்குப் பக்கத்தில் தொங்கினார். ரியல் மட்ரிட்டுக்குப் போய் மூன்று ஐரோப்பியக் கிண்ணம் வென்றவர், ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான 1958இன் தங்கப்பந்து அவருடையது. தொங்க வேண்டியவர்தான். அவருடைய முழுப் பெயர் கொப்பாசெவ்ஸ்கி, போலந்துக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர், சிறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். பிரான்ஸ் அணித்தலைவராக இருந்த மிஷெல் பிளாத்தினியின் குடும்பம் இத்தாலியிலிருந்து வந்தது. இவர்களில் ஒருவரிடமும் கேட்காத கேள்வியை ஒருவரிடம் மட்டும் கேட்டீர்கள். என்ன வித்தியாசம் என்று நானே சொல்ல வேண்டுமா? அராபியரையும் ஆப்பிரிக்கரையும் பற்றிப் பேசும்போது நம் வீடுகளிலும் கடைகளிலும் என்ன சொற்கள் புழங்குகின்றன என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவற்றை எழுதிப் பழக எனக்கு விருப்பமில்லை.

இதைப் பெரிதாக்குகிறேன் என்று சொல்வீர்கள். பெரிதாக்க வேண்டிய காரணம் சனிக்கிழமை காலைகளில் என் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் அணியில் இருக்கும் பிள்ளைகள் 11, 12 வயதுக்காரர்கள். எல்லோரும் இங்கே பிறந்தவர்கள், ஆனால் சிலர் இன்னும் சட்டப்படி பிரெஞ்சுக்காரர் இல்லை. வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளைக்கு 13 வயதானதும் பெற்றோர் குடியுரிமை கோரலாம், 16இல் பிள்ளை தானே கோரலாம், இல்லாவிட்டால் 18 வரை காத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களில் பாதிப்பேர் அந்தக் கோப்போடு வரிசையில் நின்றவர்கள். வெளியூர் ஆட்டம் ஒன்றில் எதிரணிப் பிள்ளை ஒன்றின் தகப்பன் நம் இடது பின்கள வீரனிடம், நீ எந்த ஊர் என்று கேட்டார். அவன் தான் இருக்கும் புறநகரின் பெயரைச் சொன்னான். இல்லை, உண்மையில் எந்த ஊர் என்று மறுபடி கேட்டார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அன்று உங்களில் இருவர் என் பக்கத்தில் நின்றீர்கள், கொதித்தீர்கள், நடுவரிடம் முறையிட வேண்டும் என்றும் சொன்னீர்கள். நல்லது. அந்த மனிதர் கேட்டதற்கும் நீங்கள் வட்ஸ்அப்பில் எழுதியதற்கும் என்ன தூரம் என்று எனக்குக் காட்டுங்கள்.

பென்பாரெக்கின் படத்துக்கு நிறம் தீட்டியது அந்தப் பிள்ளைகள்தான். அதில் ஒருவன் ஹனோவர் கதையைத் தமிழும் பிரெஞ்சும் கலந்து மற்றவர்களுக்குச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பெயர் தெரியாத பழைய ஆள் என்று தள்ளிவிடவில்லை. ‘கோச், எங்கட படம் எங்கே?’ என்று போட்டியன்று காலை கேட்டார்கள். இடம் போதவில்லையாம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தீர்கள். இடம் இருந்தது. அதில் விளம்பரப் பதாகை தொங்கியது.

2022 டிசெம்பர் 14 இரவு, கட்டாரில் பிரான்சும் மொரோக்கோவும் உலகக் கிண்ண அரையிறுதியில் மோதியதை இதே பிள்ளைகளோடு கழகத்தில் திரை போட்டுப் பார்த்தோம். மொரோக்கோவின் 26 பேரில் 14 பேர் மொரோக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். பயிற்றுநர் ரெக்ராகி பிறந்தது கோர்பேய் எசோன், நம்மில் சிலரின் பக்கத்து ஊர். அன்று அவர்களைப் பார்த்து ‘இவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், மொரோக்கோ வீரர் என்று போட்டால் ஆட்கள் சிரிப்பார்கள்’ என்று நீங்கள் யாரும் சொல்லவில்லை. எந்தச் சட்டையைப் போட்டு ஆடுகிறாரோ அந்த அணியின் வீரர் என்று எளிதாக ஏற்றுக்கொண்டீர்கள். அந்த எளிமை பென்பாரெக்குக்கும் வேண்டும். அதற்கு மேல் எதுவும் இல்லை.

1992 செப்டெம்பரில் பென்பாரெக் காசாபிளாங்காவில் தன் வீட்டில் தனியாக இறந்தார். இறந்து சில நாட்கள் கழித்துத்தான் உடலைக் கண்டுபிடித்தார்கள். ஃபிஃபா அவருக்கு உயர் விருது கொடுத்தது 1998இல், அவர் போய் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு. இந்த வரிகளையும் பதாகையில் எழுதியிருந்தேன். பிள்ளைகளுக்குச் சோகமாக இருக்கும் என்று ஒரு உறுப்பினர் சொன்னார், எடுத்துவிட்டேன். அந்த யோசனை நியாயமானது, ஏற்றுக்கொண்டேன். நியாயமான யோசனைக்கு நான் இணங்காதவன் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சரி, நான் கேட்பது இவைதான்.

பதாகை புதிதாக அச்சிடத் தேவையில்லை. கழகத்தின் சாமான் அறையில், பந்துப் பைகளுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறது. குளிர்கால உள்ளரங்கச் சுற்றுப்போட்டியில் அதைக் கொப்பாவுக்கும் கிரீஸ்மனுக்கும் நடுவில், அதே தலைப்பின் கீழ் தொங்கவிடுங்கள். ‘மொரோக்கோவில் பிறந்தவர்’ என்ற வரி ஏற்கெனவே அதில் இருக்கிறது. எழுத்துச் சிறிதாக இருந்தால் பெரிதாக்கித் தருகிறேன்.

மலரில் விடுபட்ட பக்கத்தைத் தனித்தாளாக அச்சிட்டு, மலர் வாங்கிய எல்லாக் குடும்பங்களுக்கும் கொடுங்கள். விளம்பரக் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. அந்தக் காசிலிருந்தே தாளை அச்சிடலாம்.

வட்ஸ்அப் குழுவில் எழுதிய காரணத்தை அதே குழுவில் விலக்கிக்கொள்ளுங்கள். எழுதியவரின் பெயர் எனக்கு வேண்டாம், அவரைத் தண்டிக்கவும் வேண்டாம். நிர்வாக சபையின் நிலைப்பாடு அது இல்லை என்று தலைவர் இரண்டு வரி எழுதினால் போதும்.

இனி நம் கண்காட்சி, மலர், பரிசளிப்பு எதிலும் ஒருவர் எந்த நாட்டு வீரர் என்ற கேள்வி வந்தால், அவர் எந்தத் தேசிய அணிக்கு ஆடினார் என்பதே அளவுகோல் என்று நிர்வாக சபை ஒரு தீர்மானம் எடுத்து எழுத்தில் வைக்க வேண்டும். பிறந்த ஊரும் பெற்றோரின் நாடும் வாழ்க்கைக் குறிப்பில் வரட்டும், தகுதிப் பட்டியலில் வர வேண்டாம்.

கடைசியாக, உங்களில் ஒருவர், செயலாளரே வந்தால் நல்லது, ஒரு சனிக்கிழமை காலை பயிற்சிக்கு வந்து, படம் எடுக்கப்பட்டது இடமில்லாததால் அல்ல என்று பிள்ளைகளிடம் நேரில் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லட்டும். பத்து மணிக்குத் தொடங்குகிறோம்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னர் எழுத்தில் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் இந்த மடலை அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி பெற்றோரின் கையொப்பங்களோடு கேட்பேன்.

இப்படிக்கு,
கழகத்தின் சிறுவர் அணிப் பயிற்றுநர்